ஹெட்போன்களின் வரலாறு

ஹெட்போன் என்பது மின்சைகைகளை ஒலியாக மாற்றி, அணிந்திருப்பவரின் காதுக்கு மட்டும் கேட்கும்படி தரும் கருவியாகும். தலைமேல் வளையமாக அணியப்படுவது ஹெட்போன் என்றும், காதுக்குள் செருகப்படுவது இயர்போன் அல்லது இயர்பட்ஸ் என்றும் வழங்கப்படுகின்றன. தமிழில் தலையணி கேட்பொறி, காதொலிப்பான் ஆகிய சொற்களும் வழக்கில் உள்ளன. இன்று பாட்டுக் கேட்கும் பொருளாகவே பெரும்பாலோர் இதை அறிந்திருந்தாலும், இது தோன்றியது தொலைபேசி இணைப்பகத்தில், வேலைக்கான கருவியாக. அலுவலகம், வீடு, நடைப்பயிற்சி, விமானப் பயணம் என ஒவ்வொரு தேவையும் ஒவ்வொரு வடிவத்தை உருவாக்கின. அந்த வரலாற்றை அறிந்தவருக்கு, கடையில் அடுக்கப்பட்டுள்ள பலவகைகளுள் தமக்கு ஏற்றது எது என்பது எளிதில் விளங்கும்.

தொலைபேசி இணைப்பகத்தில் தோற்றம்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க நகரங்களில் இணைப்பகங்கள் பெருகின. 1878-இல் பாஸ்டனில் எம்மா நட் என்பவர் முதல் பெண் இணைப்பாளராகப் பணியில் சேர்ந்தார். அழைப்பவர் கேட்கும் எண்ணுக்குரிய துளையில் கம்பியைச் செருகி இணைப்பதே இவர்களின் பணி. இதற்கு இரண்டு கைகளும் தேவை. ஆகவே கையில் பிடிக்காமல் கேட்கவும் பேசவும் ஒரு கருவி வேண்டியிருந்தது.

1880-களில் எஸ்ரா கில்லிலாண்ட் வடிவமைத்த கருவி தோளில் சுமக்கும் சட்டமாக இருந்தது. ஒரு காதுக்கு மட்டும் ஒலி தந்த அதன் எடை 4 கிலோவுக்கும் மேல். 1891-இல் பிரெஞ்சுப் பொறியாளர் எர்னெஸ்ட் மெர்காடியே சுமார் 50 கிராம் எடையில், இரு காதுகளிலும் செருகக்கூடிய கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இன்றைய இயர்பட்ஸ் வடிவத்தின் மூதாதை இது எனலாம்.

இணைப்பகத்தின் இன்னொரு தடம் செருகியில் உள்ளது. இணைப்புப் பலகைக்காக உருவான கால் அங்குலச் செருகியையே பிற்கால இசைக்கருவிகளும் ஏற்றன. கைக்கருவிகளில் நாம் கண்ட 3.5 மில்லிமீட்டர் செருகி அதன் சிறிய வடிவமாகும்.

வீட்டிலிருந்து நாடகம் கேட்டோர்

1881-இல் பாரிசில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் ஆடேர், இசை நாடக அரங்கின் ஒலியைத் தொலைபேசிக் கம்பி வழியே கொண்டுவந்து பார்வையாளர்களைக் கேட்கச் செய்தார். ஒவ்வொருவரும் இரு காதுகளிலும் இரு வேறு கேட்பிகளை வைத்துக் கேட்டதால், ஒலி வரும் திசையையும் உணர முடிந்தது. இது 1890-இல் தியாத்ரோஃபோன் என்னும் கட்டணச் சேவையானது. லண்டனில் 1895-இல் எலெக்ட்ரோஃபோன் என்ற சேவை தொடங்கியது. வசதி படைத்தோர் வீட்டில் அமர்ந்தபடியே நாடகங்களையும் தேவாலயப் பேருரைகளையும் கேட்டனர். வானொலி பரவியபின் இச்சேவைகளுக்குத் தேவை குறைந்தது. எலெக்ட்ரோஃபோன் 1925-இல் நின்றுபோனது.

சமையலறையில் பிறந்த கருவி

தற்கால வடிவிலான ஹெட்போனை 1910-இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின். வீட்டுச் சமையலறையே அவரது பட்டறை. அவர் அனுப்பிய மாதிரியைச் சோதித்த அமெரிக்கக் கடற்படை, அதன் நுண்ணிய கேட்புத்திறனைக் கண்டு கருவிகளை வாங்க முன்வந்தது. ஒரு நேரத்தில் பத்துக்கு மேல் செய்து தர இயலாது என்று அவர் தெரிவிக்கும் அளவுக்குத்தான் அவரது வசதி இருந்தது. தலைவளையம் குறித்துக் கடற்படை குறை கூறியபோது, தோல் சுற்றிய இரண்டு கம்பிகளாலான, அளவு மாற்றக்கூடிய வளையத்தை அமைத்தார். இக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை.

முதல் உலகப் போரில் கப்பல்களின் கம்பியில்லாத் தந்தி அறைகளில் ஹெட்போன் இன்றியமையாததாயிற்று. 1920-களில் பரவிய படிக வானொலிகளுக்கு மின்கலம் கிடையாது. வானலை தரும் சிறிதளவு ஆற்றலே அவற்றை இயக்கியது. அந்த ஆற்றலால் ஒலிபெருக்கியை இயக்க முடியாது என்பதால் வானொலி கேட்கவும் ஹெட்போன் தேவைப்பட்டது. குழாய் வானொலிகளும் ஒலிபெருக்கிகளும் வந்தபின் வீடுகளில் அதன் பயன் குறைந்தது. தந்தி அறைகள், விமானங்கள், ஒலிப்பதிவுக் கூடங்கள் ஆகியவற்றில் அது தொடர்ந்தது. 1937-இல் ஜெர்மனியில் ஆய்கன் பேயரின் நிறுவனம் வெளியிட்ட டிடி 48, காந்தப்புலத்தில் அசையும் சுருளைக் கொண்ட முதல் ஹெட்போனாகும். இன்றும் பெரும்பாலான ஹெட்போன்கள் இந்த முறையிலேயே இயங்குகின்றன.

இசைக்கென ஒரு கருவி

1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ், தம் தோழர் மார்ட்டின் லாங்குடன் இணைந்து, தனியே இசை கேட்பதற்கான இசைத்தட்டுப் பெட்டி ஒன்றை உருவாக்கினார். அத்துடன் இணைத்துக் காட்டிய எஸ்பி/3 என்னும் ஸ்டீரியோ ஹெட்போனே மக்களை ஈர்த்தது. வேலைக்கருவியாக இருந்த ஹெட்போன் அன்றுமுதல் இசைக்கருவிக் கடைக்கு வந்தது.

அக்கால ஹெட்போன்கள் கனமானவை. காதை முழுவதும் மூடியவை. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச்டி 414, பின்புறம் திறந்த அமைப்பைக் கொண்டிருந்தது. மஞ்சள் நிறப் பஞ்சு உறையுடன் வந்த அது ஒரு கோடிக்கும் மேல் விற்றது. திறந்த வகையில் ஒலி இயல்பாக அமையும். காதில் வெப்பமும் குறையும். ஆனால் வெளியோசை உள்ளே வரும், உள்ளோசை வெளியே கேட்கும். மூடிய வகை, திறந்த வகை என்ற பிரிவு இவ்வாறு நிலைபெற்றது.

நடப்பவரின் காதில்

1979 ஜூலை 1 அன்று சோனி நிறுவனம் ஜப்பானில் வாக்மேனை விற்பனைக்கு வெளியிட்டது. அதனுடன் வந்த ஹெட்போனின் எடை சுமார் 50 கிராம் மட்டுமே. முந்தைய ஹெட்போன்கள் பல இதைப்போல் ஆறேழு மடங்கு கனமானவை. தனியாகப் பாட்டுக் கேட்பது அருகிலிருப்பவருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்று சோனியின் தலைவர் அகியோ மொரிட்டா எண்ணினார். எனவே முதல் வாக்மேனில் இருவர் கேட்க இரண்டு செருகுதுளைகளும், ஹெட்போனைக் கழற்றாமலே பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தன. பிற்கால வாக்மேன்களில் இவை கைவிடப்பட்டன. உடன் இருப்பவருக்கு விடப்பட்ட இடம் கருவியிலிருந்து மெல்ல மறைந்தது.

ஓட்டப்பயிற்சி செய்வோரும் தெருவில் நடப்போரும் இதை விரும்பி அணிந்தனர். அதனுடன் பாதுகாப்புக் கேள்வியும் எழுந்தது. 1982-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த உட்பிரிட்ஜ் நகரம், ஹெட்போன் அணிந்தபடி தெருவைக் கடப்பதைத் தடை செய்தது. அதே ஆண்டில் சோனி, காதுமடலின் குழியில் பொருந்தும் சிறிய இயர்போனை அறிமுகம் செய்தது. 2001-இல் ஆப்பிளின் ஐபாடுடன் வந்த வெள்ளை நிற இயர்போன் அந்த வடிவத்தை உலகெங்கும் பரப்பியது.

இரைச்சலை அடக்கும் நுட்பம்

ஓர் ஒலியலைக்கு நேரெதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இக்கருத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதைச் செயல்படுத்தும் மின்னணுவியல் அன்று வளரவில்லை.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியரான அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய விடுதலை வீரர் ஒருவரின் மகன். 1978-இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் விமானத்தில் தரப்பட்ட ஹெட்போனில் எஞ்சின் இரைச்சல் காரணமாக இசையைச் சரிவரக் கேட்க இயலவில்லை. பயணத்தின்போதே அவர் தீர்வுக்கான கணக்குகளைத் தொடங்கினார். 1986-இல் இடைநில்லாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் விமானிகள் அவரது நிறுவனத்தின் மாதிரிக் கருவியை அணிந்தனர். விமானிகளுக்கான கருவி 1989-இலும், பொதுமக்களுக்கானது 2000-இலும் விற்பனைக்கு வந்தன. எஞ்சின், மின்விசிறி போன்ற சீரான, தாழ்ந்த ஒலிகளை இந்நுட்பம் நன்கு அடக்கும். திடீர் ஓசையையும் பேச்சுக்குரலையும் அவ்வளவாக அடக்காது.

கம்பி மறைந்த காலம்

புளூடூத் நுட்பத்துக்கான பணி 1994-இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கியது. பத்தாம் நூற்றாண்டு டேனிஷ் மன்னர் ஒருவரின் பட்டப்பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. முதலில் ஒற்றைக் காதில் அணியும் கைப்பேசிக் கருவியாகவே அது பரவியது. 2016-இல் ஆப்பிள் தன் ஐபோன் 7-இல் 3.5 மில்லிமீட்டர் துளையை நீக்கி, ஆண்டின் இறுதியில் ஏர்பாட்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன.

கம்பியற்ற இயர்பட்ஸ் வசதியானது எனினும், அதற்கென ஓர் ஆயுள் உண்டு. உள்ளிருக்கும் சிறிய லித்தியம் மின்கலம் சில ஆண்டுகளில் தளரும். பெரும்பாலானவற்றில் அதை மாற்ற இயலாது. கம்பி உள்ளவற்றுக்கு இக்குறை இல்லை. ஒலி தாமதமாக வரும் சிக்கலும் இல்லை.

பயன்பாட்டுக்கேற்ற தேர்வு

வேலைக்கு: நாள் முழுவதும் அணிய எடை குறைந்த, மென்மையான மெத்தை கொண்ட ஹெட்போன் ஏற்றது. பேசும் பணியாயின் வாயருகே நீளும் ஒலிவாங்கி உள்ளதே சிறந்தது. இணைப்பகப் பெண்களின் காலம் முதல் மாறாத தேவை இது. இரைச்சல் மிகுந்த அறைக்கு மூடிய வகை பொருந்தும்.

உடற்பயிற்சிக்கு: வியர்வையையும் நீர்த்துளியையும் தாங்க ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கு மேற்பட்ட தரக்குறியீடு வேண்டும். சாலையில் ஓடுவோருக்கு, வாகன ஒலியும் கேட்கும்படி காதை அடைக்காத வகையோ, கன்ன எலும்பு வழியே ஒலியைக் கடத்தும் வகையோ பாதுகாப்பானது.

அன்றாடக் கேட்புக்கு: காதுக்குள் செருகும் வகையுடன் மூன்று அளவுகளில் ரப்பர் முனைகள் தரப்படுவதுண்டு. காதோடு சரியாகப் பொருந்தாவிட்டால் தாழ்ந்த ஒலிகள் கசிந்து, விலையுயர்ந்த கருவியும் சன்னமாக ஒலிக்கும். ஆகவே முனையை மாற்றிப் பார்த்த பிறகே கருவியைக் குறை கூற வேண்டும்.

செவிப்பாதுகாப்பு

உள்காதின் நத்தைக்கூட்டில் உள்ள நுண்ணிய மயிர்ச்செல்களே ஒலியை நரம்புச் சைகையாக மாற்றுகின்றன. மனிதரில் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து 2018-இல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரத்தையும், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் அளவில் 40 மணி நேரத்தையும் வரம்பாகக் கொள்கிறது.

ஒலி 3 டெசிபெல் கூடினால் அதன் ஆற்றல் இரு மடங்காகும். கேட்கத்தக்க நேரம் பாதியாகும். 83 டெசிபெல்லில் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி மட்டுமே ஒரு வாரத்துக்குரிய அளவு. பேருந்திலும் ரயிலிலும் வெளி இரைச்சலை வெல்லவே பலர் ஒலியைக் கூட்டுகின்றனர். அத்தகைய இடங்களில் காதோடு நன்கு பொருந்தும் கருவியோ, இரைச்சல் அடக்கும் கருவியோ குறைந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்க உதவும். கழற்றிய பின்னும் காதில் ரீங்காரம் கேட்பது, கேட்ட ஒலி மிகுதி என்பதற்கான எச்சரிக்கையாகும். பழுதான ஹெட்போனுக்கு மாற்று வாங்கலாம். மயிர்ச்செல்லுக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை.