சீனன்குடாவில் வீழ்ந்த விமானம்

1942 ஏப்ரில் 9ஆம் திகதி யப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அவற்றுள் ஒன்று சீனன்குடாவில் பிரித்தானியரின் எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது வீழ்ந்து எரிந்தது. இவ்வளவில் கருத்து வேற்றுமை இல்லை.

வேண்டுமென்றே மோதினர் என்பர் சிலர். சுடப்பட்டு நிலைகுலைந்து வீழ்ந்தது என்பர் பிறர். சுடப்பட்டபின் தாங்கியை நோக்கித் திருப்பியிருக்கவுங் கூடும். ஆயினும் முதற் கூற்றே மக்களிடம் வேரூன்றிவிட்டது. யப்பானியர் தற்கொலைத் தாக்குதலுக்கெனத் தனிப்படை அமைத்தது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்சில். அதன் புகழை, இரண்டரையாண்டு முந்திய நிகழ்ச்சிக்கு நாம் ஏற்றிவிட்டோம். கருகிய இரும்பிலிருந்து மாண்டவர் மனத்தை எவர் படித்தார்?

மாணவர் கேட்கும்போது இரு கூற்றுக்களையும் சொல்கின்றோம். 'வீரச்சாவு' என்று மட்டும் கரும்பலகையில் எழுதுவதில்லை. மோதியவை இரண்டு ஏகாதிபத்தியங்கள். அன்று மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' கப்பலோடு மூழ்கிய முந்நூற்றுக்கு மேற்பட்டோரைப் பற்றி எந்த மாணவனும் இதுவரை கேட்டதில்லை.