காட்டு மனையின் தலைவி

ஊர்விட்டு ஊர் செல்லும் மக்களோடு அவர்தம் தெய்வங்களும் உடன்செல்வதுண்டு. மக்கள் செல்லாத இடத்திற்கு நூல்வழியே சென்று குடியேறிய தெய்வங்களும் உண்டு. பின்லாந்து நாட்டு வனத்து அணங்காகிய மியெலிக்கி அத்தகையவள்.

அந்நாட்டு வேட்டுவர் காட்டை ஒரு பெரும் பண்ணை வீடாகவே கருதினர். அதன் தலைவன் தாப்பியோ. வேட்டையில் விலங்கைத் தருபவன் அவனே என்று மீக்கேல் அகிரிக்கோலா 1551-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். அவன் மனைவியே மியெலிக்கி. எலியாஸ் லொன்ரோத் என்னும் மருத்துவர் நாட்டுப்பாடல்களைத் திரட்டி, 1835-இல் ‘கலேவலா’ எனும் காவியமாக வெளியிட்டார். 1849-இல் அதனை 50 பாடல்களாக விரித்தார். அக்காவியத்தில், காட்டுக் களஞ்சியத்தின் பொற்சாவிகள் இவ்வம்மையிடம் உள்ளன. அவள் மனமுவந்து திறந்தால் வேட்டை வாய்க்கும். கந்தலுடுத்தி நின்றாளாயின் வேடன் வெறுங்கையோடு திரும்புவான். நீரில் மிதந்த கம்பளி மயிரை எடுத்துத் தொட்டிலிலிட்டுக் கரடியாக வளர்த்தவளும் அவளே.

அமெரிக்காவில் 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் தோன்றியது. ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் வேடம் பூண்டு, பகடை உருட்டி ஆடுவது அது. பல நாட்டுத் தெய்வங்களை அவ்வாட்டத்திற்கென 1980-இல் தொகுத்த நூலில் மியெலிக்கியும் இடம்பெற்றாள். அவளுடைய ஆற்றல் எண்களால் அளவிடப்பட்டது. பின்னர், அவ்வாட்டத்தில் இடம்பெற்ற ‘பர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்னும் கற்பனை உலகில், வனங்காக்கும் வீரர்களின் தெய்வமானாள். கரடியை வளர்த்தவளுக்கு ஒற்றைக்கொம்புக் குதிரை சின்னமாயிற்று.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு சொல் இங்கே கருதத்தக்கது. பின்னியப் பாடல்கள் அவளை ‘எமாந்தா’ என்றழைக்கின்றன. பண்ணை வீட்டின் மனைத்தலைவி என்பது பொருள். தேவி என்றதும் அரியணை நினைவுக்கு வரும். மனைத்தலைவி என்றதும் அடுக்களையும் களஞ்சியமும் நினைவுக்கு வரும். பிறர் மனையில் நுழைவோன் தலைவியைக் கேட்டே ஒன்றை எடுக்கவேண்டும். அந்தக் கேட்டுப்பெறும் பண்பே பழைய வழிபாட்டின் உயிர். ஆட்டம் அவளுக்கு உயர்ந்த பதவியைத் தந்தது. காட்டைக் காக்கும் கடமையையும் விட்டுவைத்தது. சாவிகளை மட்டும் மறந்தது.

அதனால் ஆட்டத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதனால்தான் பலர் அவள் பெயரை அறிந்தனர். பெயரைக் கேட்டறிந்தவர் பாடல்களையும் நாடுவாராக. ‘கலேவலா’ தமிழிலும் உண்டு. பின்லாந்தில் வாழ்ந்த உதயணன் என்னும் ஆர். சிவலிங்கம் பெயர்த்த அந்நூல் 1994-இல் வெளிவந்தது. தாயகம் விட்டு நெடுந்தொலைவில் வாழ்ந்த தமிழரொருவரின் உழைப்பால், பொற்சாவிகள் நம் மொழிக்கும் வந்து சேர்ந்தன.