பழைய வண்டிக்குப் புதிய என்ஜின்: அம்பாசடர் சொல்லும் கதை



பழைய காரை வாங்கி அதற்குள் புதிய என்ஜினைப் பொருத்துவது வசதி படைத்த இளையர்களின் பொழுதுபோக்கு என்று எனக்கு முன் பேசிய நண்பர் சொன்னார். பையில் பணமும் கையில் நேரமும் இருப்பவர் செய்யும் வேலை என்றார். அரங்கத்தில் கைதட்டலும் கிடைத்தது. ஆனால் நம்மவர் வாழ்ந்த ஊர்களில் இந்த வேலை எப்படித் தொடங்கியது என்று பார்த்தால், அதைத் தொடங்கிவைத்தவர்கள் டாக்சி ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும்தான். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தார்கள்.

இங்கே மூத்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். 1950களிலும் 60களிலும் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடிய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு டாக்சி உங்களுக்கு நினைவிருக்கும். கறுப்பு உடல், மஞ்சள் கூரை. அந்த ஆக்ஸ்ஃபோர்டின் உடன்பிறப்புதான் இந்தியாவின் அம்பாசடர். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957இல் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதம் வரை அது வந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் தாய் மாடலை நிறுத்திவிட்டு அடுத்தடுத்த மாடலுக்குப் போய்விட்டார்கள். இந்தியாவில் அதே உடல் 57 ஆண்டுகள் ஓடியது. உடல் மாறவில்லை, சரி. என்ஜின்? அது எத்தனை முறை மாறியது என்று கேட்டுப் பாருங்கள், கதை அங்கேதான் இருக்கிறது.

முதலில் வந்த அம்பாசடரில் 1,476 சிசி என்ஜின். வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த பழைய வகை. இரண்டே ஆண்டில், 1959இல், அதை எடுத்துவிட்டு வால்வுகள் மேலே அமைந்த 1,489 சிசி என்ஜினைப் பொருத்தினார்கள். 55 குதிரைத்திறன். பி.எம்.சி. நிறுவனத்தின் இந்த 'பி' வரிசை என்ஜினுக்கு ஒரு டீசல் தம்பியும் உண்டு. 1961இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு மாடலில் அந்த டீசலையும் கேட்டு வாங்கலாம். டாக்சிக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். அதே 1,489 சிசி டீசல் 1980இல் அம்பாசடருக்குள் நுழைந்தது. இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் அதுதான். சக்தி 37 குதிரைத்திறன். மூட்டை முடிச்சோடு ஆறு பேர் ஏறினால் ஏற்காடு மலைச்சாலையில் அது படும் பாட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்!

1973க்குப் பிறகு உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியது. பெட்ரோல் கார் வைத்திருந்த வாடகைக்காருக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. டீசல் மலிவு. ஆனால் புதிய டீசல் அம்பாசடர் வாங்கப் பணம் வேண்டும். அந்தக் காலத்தில் எந்தக் கார் வாங்கவும் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். அப்போதுதான் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் பட்டறைகள் களத்தில் இறங்கின. பஜாஜ் டெம்போவின் மெட்டாடோர் வேனில் வந்த டீசல் என்ஜினைக் கழற்றி அம்பாசடருக்குள் வைத்தார்கள். 'மெட்டாடோர் என்ஜின் போட்ட வண்டி' என்று அதற்குத் தனி மதிப்பே இருந்தது.

வைத்தார்கள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா?

என்ஜினைத் தாங்கும் பிடிமானங்கள் பழைய என்ஜினின் அளவுக்குச் செய்யப்பட்டவை. அவற்றை அறுத்து, புதிய இடத்தில் வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு நூல் தவறினால் வண்டி முழுவதும் நடுங்கும். என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று பொருந்தாது; நடுவில் ஓர் இரும்புத் தட்டை லேத்தில் கடைந்து துளையிட்டு இரண்டையும் சேர்க்க வேண்டும். இரண்டின் அச்சும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் கியர்பாக்ஸின் தாங்கிகள் சீக்கிரமே தேய்ந்துவிடும். டீசல் என்ஜின் கனம் அதிகம். அம்பாசடரின் முன்பக்கத்தைத் தாங்குவது முறுக்குக் கம்பிகள். கனம் கூடினால் மூக்கு தரையைப் பார்க்கும், அதையும் ஏற்றிக் கட்ட வேண்டும். ரேடியேட்டர் போதாது. சைலன்சர் குழாய் ஸ்டீயரிங் தண்டில் இடிக்கும். இத்தனையும் முடித்த பிறகுதான் பிரேக் நினைவுக்கு வரும். இழுவை கூடிய வண்டியை நிறுத்த அதே பழைய டிரம் பிரேக்!

என்னைக் கேட்டால், நல்ல பட்டறை எது, அரைகுறைப் பட்டறை எது என்று கண்டுபிடிக்க இந்த ஒரு கேள்வி போதும்: என்ஜினை மாற்றினீர்களே, பிரேக்கை என்ன செய்தீர்கள்?

இதில் சட்டமும் உண்டு. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவு. பதிவேட்டில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது பற்றிய பிரிவு அது. அனுமதி வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் புதிய என்ஜின் எண்ணையும் எரிபொருளையும் ஏற்றினால்தான் வண்டி முறையானது. லேத் முன்னால் நின்ற நேரத்தைவிட அந்த வரிசையில் நின்ற நேரம் அதிகம் என்பார்கள்.

சிறிய பட்டறைகள் இப்படிப் பழைய உடலுக்குப் புதிய என்ஜின் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், பெரிய தொழிற்சாலை ஒன்று நேர் எதிரான காரியத்தைச் செய்தது. அதுவும் நம் சென்னையில்.

வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்று ஒரு கார் ஆலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கெஸல் ஆகிய கார்கள் அங்கே பிறந்தவை. 1985இல் அந்த நிறுவனம் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு காரை வெளியிட்டது. பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரின் அச்சு அசலான உடல். 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு பெற்ற வடிவம் அது. பிரிட்டனில் அதன் உயர்ந்த மாடல்களுக்கு எட்டு சிலிண்டர், 3.5 லிட்டர் என்ஜின்.

சென்னைக் காரின் மூடியைத் திறந்தால்? உள்ளே 1,991 சிசி, நான்கு சிலிண்டர். 1947இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் வழிவந்த என்ஜின். அதே என்ஜின் குடும்பம்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதது. ஏறக்குறைய 40 வயதான என்ஜினை ஐரோப்பாவின் அழகு உடலுக்குள் வைத்து, பணக்காரர் வாங்கும் விலைக்கு விற்றார்கள். வண்டி எண்ணெய் குடித்தது, ஓடவும் மறுத்தது. அதற்குச் சற்று முன்புதான், 1983 டிசம்பரில், மாருதி 800 வந்திருந்தது. 796 சிசி சின்ன என்ஜின், சொன்னபடி கேட்கும் வண்டி. மக்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 1988இல் ஸ்டாண்டர்டு 2000 உற்பத்தி நின்றது. வண்டலூர் ஆலையும் மூடப்பட்டது. கையிலிருந்த என்ஜினையே போட்டால் செலவு மிச்சம் என்று எடுத்த முடிவுக்கு அந்த ஆலையின் தொழிலாளர்கள் விலை கொடுத்தார்கள்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் இதே பள்ளத்தில் ஒரு கால் வைத்து எடுத்தது. 1984இல் வந்த அதன் காண்டெஸாவுக்குப் பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் காரின் உடல்; உள்ளே அம்பாசடரின் 1,489 சிசி என்ஜின். நல்ல வேளை, ஜப்பானின் இசுசு நிறுவனத்தோடு உடன்பாடு செய்து, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் என்ஜின் ஆலை அமைத்தார்கள். 1980களின் பிற்பகுதியில் 1.8 லிட்டர் இசுசு என்ஜின் காண்டெஸாவுக்குள் போனது. அதே வண்டி வேறு வண்டியாகிவிட்டது. 2002 வரை ஓடியது.

1992இல் அந்த இசுசு என்ஜினை அம்பாசடருக்கும் கொடுத்தார்கள். 1950களின் உடலுக்குள் 75 குதிரைத்திறன், ஐந்து கியர். பட்டறைக்காரர் பத்து ஆண்டுகளாகச் செய்துவந்ததை இப்போது தொழிற்சாலையே செய்தது. பின்னாளில் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் பவர் ஸ்டீயரிங்கும்கூட வந்தன. அமைச்சர்களின் வெள்ளை அம்பாசடர் கால்மணி நேரம் முன்னதாகவே விழாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். விழா முன்னதாகத் தொடங்கியதா என்பது வேறு விஷயம்.

எதிரணி நண்பர் இங்கே என்னைப் பிடித்துக்கொள்ளலாம். புதிய என்ஜின் போட்டும் அம்பாசடர் பிழைத்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1980களின் நடுவில் ஆண்டுக்கு 20,000க்கு மேல் விற்ற கார், கடைசி நிதியாண்டில் ஏறத்தாழ 2,200தான் விற்றது. உத்தர்பாராவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். என்ஜின் கொடுத்த அவகாசத்தில் கதவையும் பூட்டையும் உடலையும் சீர்செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. புதிய என்ஜின் வந்துவிட்டதே, இன்னும் சில ஆண்டு ஓட்டலாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். என்ஜின் மாற்றத்தில் நான் காணும் ஒரே ஆபத்து இதுதான். பழைய வண்டியைக் கையில் வைத்திருக்கும் தனி மனிதருக்கும் இது பொருந்தும்.

சரி, இந்த ஊருக்கு வருவோம். தேக்காவிலிருந்து சற்று நடந்தால் சுங்கை ரோடு. 1930களில் தொடங்கி 2017 ஜூலை 10 வரை அங்கே பழம்பொருள் சந்தை இருந்தது. கழற்றிய பொருளுக்கு மறுவாழ்வு உண்டு என்று நம்பியவர்களின் சந்தை. மஞ்சள் கூரை டாக்சி அந்தக் காலத்து மனிதர்களின் வண்டி, ஓட்டியவருக்கே சொந்தம். வண்டி தன்னுடையது என்றால்தான் அதன் என்ஜினைப் பற்றி ஒருவர் இரவில் யோசிப்பார். பிறகு டாக்சி நிறுவனங்கள் வளர்ந்தன. ஓட்டுநர் வாடகைக்கு எடுத்தார், ஓட்டினார், திருப்பிக் கொடுத்தார்.

1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்தது. அன்றிலிருந்து சிங்கப்பூரில் காருக்கு ஆயுள் பத்தாண்டு. உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்கலாம். ஆனால் பத்து வயது கடந்த வண்டிக்குச் சாலை வரியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஐம்பது வரை கூடுதல் கட்டணம். சான்றிதழின் விலையோ 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கே 106,000 வெள்ளியைத் தொட்டது. பெட்ரோல் காரின் சாலை வரி என்ஜினின் சிசியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. என்ஜின் எண் பதிவேட்டில் இருக்கிறது. அதை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். நெரிசலைக் கட்டுப்படுத்த இது தேவை என்பதை நான் மறுக்கவில்லை. தீவு சிறியது. ஆனால் விளைவைப் பாருங்கள். நன்றாக ஓடும் என்ஜின் இங்கே உடலோடு சேர்ந்தே விடைபெறுகிறது. பதிவு நீக்கிய கார் அழிக்கப்படுகிறது அல்லது கப்பலேறுகிறது. பாலத்தைத் தாண்டினால் கதையே வேறு: 1985இல் பிறந்த புரோட்டோன் சாகாவுக்குள், ஜப்பானிலிருந்து வந்த பழைய மிட்சுபிஷி என்ஜினை மாட்டி ஓட்டுகிறார்கள். சாகாவே மிட்சுபிஷி லான்சரின் வார்ப்பு என்பதால் இது எளிது.

35 வயது கடந்த காரை 'கிளாசிக்' திட்டத்தில் பதிந்தால் சிங்கப்பூரில் ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். அப்படி ஒரு வண்டியை ஆசையோடு வாங்க நினைக்கும் இளையருக்கு நான் சொல்வது: பட்டறைக்குப் போகுமுன் ஆணையத்தின் விதிகளைப் படியுங்கள். கார்பரேட்டர் வண்டிக்குள் கணினி கட்டுப்படுத்தும் என்ஜினை வைத்தால் எரிபொருள் பம்பு, மின்கம்பி எல்லாம் மாற வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் இணைத்தால் புதிய கருவி நொடியில் புகைந்துவிடும்.

அடுத்த மாற்றம் இதற்குள் வந்துவிட்டது. பத்து வயதான டீசல் கார்கள் தடை செய்யப்பட்ட டெல்லியில், அவற்றுக்குள் மின்மோட்டார் பொருத்தி ஓட்டலாம் என்று 2021இல் அந்த மாநில அரசு அறிவித்தது. சிங்கப்பூரோ 2040க்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளை முற்றிலும் கைவிட இலக்கு வைத்திருக்கிறது.

வண்டலூர்க் கார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆலை மூடியபின் உதிரிபாகம் தேடி அலுத்த உரிமையாளர்கள் சிலர் அந்த வான்கார்டு என்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் என்ஜினை மாட்டிக்கொண்டார்கள். தொழிற்சாலை செய்யத் தவறிய வேலையைப் பட்டறை செய்தது. அப்படிச் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு 2000களில் சில அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் சாலையில் ஓடின.