வந்த வழியே திரும்பாதவர்கள்: கருக்கலைப்புச் சட்டமும் கேட்கப்படாத வாக்கும்

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலுக்குள் கிழக்கு வாயில் வழியாகப் போனவர்கள் அந்த வழியே திரும்புவதில்லை. வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் சிக்கி அந்தணன் ஒருவன் மாண்டான். பிரமகத்தி அரசனைப் பற்றிக்கொண்டது. இங்கே அவன் கோயிலுக்குள் நுழைந்ததும் அது உள்ளே வர மாட்டாமல் கிழக்கு வாயிலில் காத்து நின்றது. அரசன் மேலை வாயிலால் வெளியேறித் தப்பினான் என்பது தலக் கதை. கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாவம் அழிக்கப்படவில்லை. பிரமகத்தியின் உருவம் இன்றும் அந்த வாயிலில் உட்கார்ந்திருக்கிறது. அரசனுக்குக் கிடைத்தது வேறொரு வாயில் மட்டும்தான்.

இந்தியாவின் கருக்கலைப்புச் சட்டமும் இந்தக் கோயிலைப் போலத்தான் கட்டப்பட்டிருக்கிறது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில் அல்லாமல் கருவைச் சிதைப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. கரு அசையத் தொடங்கிவிட்டால் ஏழாண்டு. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடக்கம் என்று அதன் விளக்கக் குறிப்பு சொன்னது. 1971இல் நிறைவேறி 1972 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் அந்தப் பிரிவை நீக்கவில்லை. பதிவு பெற்ற மருத்துவர் இன்னின்ன நிலைமைகளில் கருவைக் கலைத்தால் அவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று மட்டுமே சொன்னது. குற்றம் கிழக்கு வாயிலில் நிற்கிறது. மேலை வாயிலின் சாவி மருத்துவர் இடுப்பில் இருக்கிறது. 2023 டிசம்பரில் தண்டனைச் சட்டம் முழுவதையும் நாடாளுமன்றம் புதிதாக எழுதியபோது அந்த உருவத்தை அப்புறப்படுத்த ஒரு வாய்ப்பு வந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவாக, விளக்கக் குறிப்போடு சேர்த்து, அது அப்படியே இடம் மாற்றி வைக்கப்பட்டது. காலனிய மிச்சங்களைக் களைவதாக அறிவித்துக்கொண்ட ஒரு சட்டத்தில் இந்த மிச்சம் ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

மக்களை யாரும் கேட்காததுதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வேறு நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1970 நவம்பரில் கருக்கலைப்பை நேரடி வாக்கெடுப்புக்கு விட்டது. சுமார் 56 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். இரண்டாண்டு கழித்து மிச்சிகனிலும் வட டகோட்டாவிலும் கேட்டபோது மக்கள் பெருவாரியாக மறுத்தார்கள். அதே மிச்சிகன் 2022இல் அந்த உரிமையை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. அயர்லாந்து 1983இல் 66.9 விழுக்காடு வாக்குகளோடு கருவின் உயிருரிமையை அரசியல் சட்டத்தில் சேர்த்து, 2018இல் 66.4 விழுக்காடு வாக்குகளோடு அதை எடுத்துவிட்டது. இடையே 2012இல், கருச்சிதைவு தொடங்கிவிட்ட நிலையிலும் கலைப்பு மறுக்கப்பட்டு, கர்நாடகத்தில் பிறந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவார் கால்வே நகரில் இறந்தார். புளோரிடாவில் 2024இல் சுமார் 57 விழுக்காட்டினர் ஆதரித்தும், 60 வேண்டும் என்ற விதியால் முன்மொழிவு தோற்றது. ஆக, வாக்குப் பெட்டி தரும் விடை ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும்.

இந்திய அரசியல் சட்டத்தில் சட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விடும் ஏற்பாடு இல்லை. நம் பக்கத்தில் நினைவுகூரத் தக்கது 1954இல் புதுச்சேரியின் கீழூரில் நடந்த வாக்கெடுப்பு. காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது அதனால்தான். அதில் வாக்களித்தவர்களும் 178 மக்கள் பிரதிநிதிகளே. மண்ணின் தலைவிதிக்கே அவ்வளவு பேர் போதும் என்றிருந்த இடத்தில், கருப்பைக்கு ஊரைக் கூட்டியிருப்பார்களா என்ன!

ஆனால் வாஷிங்டன் மாநிலம் ஏற்ற சட்டத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். கரு பதினாறு வாரத்தைத் தாண்டக்கூடாது; பெண் அம்மாநிலத்தில் 90 நாளாவது வசித்திருக்க வேண்டும்; சேர்ந்து வாழும் கணவன் இருந்தால் அவன் சம்மதம் வேண்டும். அடுத்த ஆண்டு யாரையும் கேட்காமல் டெல்லியில் நிறைவேறிய சட்டம், பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும் என்றது. கணவன் என்ற சொல் சம்மதப் பிரிவில் வரவே இல்லை. திருவிடைமருதூர்த் தெருக்களிலோ திருபுவனத்துத் தறிக்கூடங்களிலோ அன்று வாக்கெடுத்திருந்தால் இந்த ஒரு வரி தேறியிருக்குமா என்பது ஐயமே. வாக்கெடுப்பு இல்லாததைக் குறையாக மட்டும் நான் எண்ணாததற்கு இதுவே காரணம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வாக்குக் கேட்பவன் வாதத்தையும் வைத்தாக வேண்டும். வாக்கு வேண்டாதவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு 1966இல் தந்த அறிக்கை, திருட்டுத்தனமான கலைப்புகளால் பெண்கள் சாவதைத் தடுக்கும் நலவாழ்வு நடவடிக்கையாகவே சட்டத்தைக் கேட்டது. அரசு இயந்திரத்தில் அதை நகர்த்திய ஆர்வமோ மக்கள்தொகை பற்றியது. 1967 முதல் 1970 வரை நலவாழ்வு, குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை அமைச்சராக இருந்த எஸ். சந்திரசேகர் மக்கள்தொகை அறிஞர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கருக்கலைப்பு பற்றிய அவரது நூலை 1974இல் வெளியிட்டது, அதே வாஷிங்டன் மாநிலத்தின் பல்கலைக்கழகம். அதன் தலைப்பிலேயே உலகம் நெரிசலானது என்ற கவலை இருக்கிறது. சட்டத்திலும் அந்தக் கவலையின் தடம் உண்டு: கருத்தடைச் சாதனம் பொய்த்துக் கருவுற்றால் அது மனநலத்துக்குப் பெருங்கேடு எனக் கொள்ளலாம் என்ற சலுகை, திருமணமான பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் மட்டுமே தரப்பட்டது. 2021 திருத்தம்தான் அதைப் பெண், அவள் இணை என்று மாற்றியது.

தமிழில் இதற்கு மாறான ஒரு வாதம் 1971க்கு நாற்பது ஆண்டு முன்பே இருந்தது. பெண்ணின் உடல்நலத்துக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறவர்களோடு தம் காரணம் ஒத்துப்போகாது, பெண்ணின் விடுதலைக்காகவே தாம் அதைக் கேட்பது என்று பெரியார் பிரித்துச் சொன்னார். ‘பெண் ஏன் அடிமையானாள்’ நூலில் அது ஓர் அத்தியாயம். அவர் பேசியது கருத்தடையைப் பற்றி. கலைப்புக்கு அதை அப்படியே நீட்டுவது நியாயமாகாது. எனினும் காரணங்களைத் தனித்தனியே நிறுத்திப் பார்க்கும் தெளிவு அந்த அத்தியாயத்தில் இருந்தது; 1971இன் சட்டத்தில் இல்லை.

சமயம் குறுக்கே நின்றது என்பதும் பாதி உண்மையே. வடமொழித் தரும நூல்களில் ப்ரூணஹத்தி பெரும்பாவம். ப்ரூணன் என்பதற்குக் கரு என்றும் வேதம் கற்ற அந்தணன் என்றும் இரு பொருள் உண்டு. கிழக்கு வாயிலில் அமர்ந்திருப்பதற்கும் கருக்கொலைக்கும் சொல்லளவிலேயே உறவு இருக்கிறது. ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடிய புறநானூற்று 34ஆம் பாட்டும் மகளிர் கருவைச் சிதைத்தவர்களைப் பெரும்பாவிகளோடு சேர்க்கிறது. ஆனால் அங்கே இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. அந்தப் பாவங்களுக்குக் கழுவாய் உண்டு, நன்றி கொன்றதற்குத்தான் இல்லை என்பது பாட்டின் வாதம். இரண்டாவது, பாவத்தைச் செய்பவன் வேறொருவன், பெண் அதற்கு ஆளாகிறவள் என்று அந்தத் தொடரைப் படிக்க இடமிருக்கிறது. தன் வயிற்றுக்குத் தானே குற்றவாளி என்று பெண்ணை வரியில் வைத்து எழுதியது மெக்காலே வழிவந்த தண்டனைச் சட்டம். சோழநாட்டுப் பாட்டு அல்ல.

கும்பகோணத்துக்கு மேற்கே, பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை இருக்கிறாள். கரு தங்க நெய்யும், சுகப் பிரசவத்துக்கு விளக்கெண்ணெயும் வாங்கிப் போகிறார்கள். அவள் கதையில் வேதிகை தனியே இருக்கும் கர்ப்பிணி. அயர்ந்து கிடந்தவளிடம் பிச்சை தாமதமானதால் முனிவர் சபிக்கிறார், கரு கலைகிறது. அவள் கூப்பிட்ட பிறகுதான் அம்மன் வருகிறாள். இந்தத் தெய்வத்தைக் கருக்கலைப்புக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறவர்கள், அவள் யாருடைய குரலுக்கு வந்தாள் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

டெல்டாக் கிராமங்களில் இதைப் பற்றிய பேச்சு பாவ புண்ணியத்தில் தொடங்குவதில்லை. நாள் தள்ளிப்போச்சு என்பதில் தொடங்குகிறது. எள்ளும் வெல்லமும், பப்பாளி, அன்னாசி எல்லாம் பலிக்காத சமாதானங்கள். எருக்கங்குச்சி மட்டும் ஆளைக் கொல்லும். அந்தத் தலைமுறை போய் மாத்திரை வந்துவிட்டது. 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் ஒரு கோடியே 56 லட்சம் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. எழுத்தின்படி பார்த்தால் இவற்றுள் பெரும்பகுதி 88ஆம் பிரிவின் நிழலில்தான் வரும். அத்தனை பேரும் வந்த வழியாகவே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபுறம், தமிழ்நாட்டில் கர்ப்பம் மிக விரைவில் அரசுக் கணக்கில் ஏறுகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் போடுகிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையும் பிறப்புச் சான்றும் அந்த எண்ணோடு கட்டப்பட்டவை. தாய் சேய் இறப்பைக் குறைத்ததில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்குண்டு. அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் எண் போட்ட வயிறு ஊரறிந்த வயிறு. கலைத்துக்கொண்டவளின் பெயரை மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தம் சொல்கிறது. தெருவில் தெரிந்துவிட்ட செய்தியை அந்தப் பிரிவு எப்படி மூடும்? நடவு நாளில் ஒரு நாள் கூலியை விட்டுக் கும்பகோணம் பஸ் ஏறுகிறவளிடம், எங்கே போனாய் என்று கேட்கப் பத்துப் பேர் இருப்பார்கள்.

டி.கே. சுந்தரி ரவீந்திரனும் பி. பாலசுப்பிரமணியனும் தமிழக ஊரகப் பெண்களிடம் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையான ஒன்றைக் காட்டியது: மணமான பெண் கலைத்துக்கொள்வதை வீடு பொறுத்துக்கொள்கிறது, கணவனிடம் படுக்கையில் வேண்டாம் என்று சொல்வதைப் பொறுத்துக்கொள்வதில்லை. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29இல் மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரையிலான வாய்ப்பைத் திறந்துவிட்டதோடு, கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கு மட்டும் கணவனின் வன்புணர்வும் வன்புணர்வே என்று சொன்னபோது, அந்த ஆய்வின் பெண்களுக்குப் பதினெட்டு ஆண்டு கழித்து விடை வந்ததாகவே நான் படித்தேன். ஆனால் அடுத்த ஆண்டே, 26 வாரக் கருவைச் சுமந்த இரு குழந்தைகளின் தாயைப் பற்றி நீதிபதிகள் ஹிமா கோலி, பி.வி. நாகரத்னா இருவரும் வேறுவேறு முடிவுக்கு வந்தார்கள். மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. உரிமை என்று தீர்ப்பில் எழுதினாலும், விதிவிலக்காகப் பிறந்த சட்டம் நெருக்கடியில் விதிவிலக்காகவே நடந்துகொள்ளும்.

எனவே நான் கேட்பது வாக்குப் பெட்டி அல்ல. 88ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பை நீக்குங்கள். தன் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண் குற்றவாளி ஆகமாட்டாள் என்று எழுதுங்கள். முதல் பன்னிரண்டு வாரத்துக்கு மருத்துவரின் அபிப்பிராயம் தேவையில்லை, அவள் கேட்டாலே போதும் என்று ஆக்குங்கள். 2019 முதல் அயர்லாந்தில் பன்னிரண்டு வாரம் வரை பெண் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இவற்றைச் செய்யச் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

விதிகளில் படிவம் சி என்று ஒன்று உண்டு, சம்மதப் படிவம். வயது வந்த பெண்ணானால் அதில் கையெழுத்துக்கு ஒரே இடம்தான். பல தனியார் மருத்துவமனைகளில் அதோடு இன்னொரு தாளையும் நீட்டி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கணவனைக் கூப்பிடுகிறார்கள். அந்த இரண்டாவது தாளுக்கு எந்தச் சட்டத்திலும் எண் கிடையாது.