ஆவியா, ஆட்டமா?

அம்மாவைப் பெற்ற ஆச்சி ஜெபம் பண்ணினால் தெருவுக்கே கேட்கும். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள். முடிந்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஏட்டி, உலையில அரிசி போட்டாச்சா?" என்று அம்மாவிடம் கேட்பாள். அப்பாவுக்கு இது ஆகாது. ஜெபப் புத்தகத்தைப் பார்த்து ஆராதனை நடக்கும் பாளையங்கோட்டைக் கோயிலில் வளர்ந்தவர். "ஆண்டவருக்கு என்ன காது கேக்காதா? எல்லாம் நடிப்பு" என்பார்.

சின்ன வயசில் அப்பா கட்சிதான் நான். பிறகு 1860-இல் திருநெல்வேலியில் நடந்த எழுப்புதலைப் பற்றிப் படித்தபோதுதான், எங்கள் வீட்டுச் சண்டை எவ்வளவு பழையது என்று புரிந்தது.

அந்த எழுப்புதலின் மையத்தில் இருந்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810-இல் உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தார். மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்யலாம் என்ற எண்ணம் ஆந்தனி நோரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. குரோவ்ஸ் பல் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை என்ற ஊரை அருளப்பன் உருவாக்கினார். 1860-இல் அங்கும் சுற்றுப்புற ஊர்களிலும் ஜனங்கள் நடுங்கினார்கள், தரையில் விழுந்தார்கள், பாவங்களைச் சொல்லிக் கதறினார்கள். அந்நிய பாஷை பேசினார்கள். பெண்களும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள்.

மிஷனரிகளில் சிலர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் பயந்தார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1849-லேயே ஒரு நூலில் இந்தப் பகுதியின் பேயாட்டத்தை விரிவாக எழுதியிருந்தார். உடுக்கும் மேளமும் ஏற ஏற ஆடுபவர் உடம்பில் பேய் இறங்குவதைப் படித்த ஒருவர், கோயிலுக்குள் நடுங்கும் உடம்பைப் பார்த்தால் என்ன நினைப்பார்? வந்திருப்பது பரிசுத்த ஆவியா, இல்லை பழைய ஆட்டம்தான் புதுப் பெயரில் வந்திருக்கிறதா?

ஆனால் ஒரு வருஷம் முன்பு, 1859-இல், வட அயர்லாந்தின் அல்ஸ்டரிலும் எழுப்புதல் நடந்தது. அங்கே விழுந்தவர்கள் பரம்பரை பரம்பரையாகப் புராட்டஸ்டண்டுகள். உடுக்குச் சத்தத்தையே கேட்டறியாதவர்கள். அவர்களும் அப்படித்தான் விழுந்தார்கள், கதறினார்கள். சந்தேகப்பட்ட போதகர்கள் அங்கே அதை நரம்புக் கோளாறு என்றார்கள். ஆக, விழுகிற உடம்பு எங்கேயும் சந்தேகத்துக்கு உரியதுதான். சந்தேகத்தின் பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

இன்னொருவரையும் பார்க்க வேண்டும். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் மோட்சப் பயண நூலைத் தழுவி அவர் எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. அதில் கம்பன் இருக்கிறான். அவருடைய பக்திப் பாடல்களின் உருக்கத்தில் ஆழ்வார்கள் இருக்கிறார்கள். பழைய பக்தியின் மொழியில்தான் அவர் புதிய கடவுளிடம் அழுதார். அதை யாரும் நடிப்பு என்று சொல்லவில்லை. 'கிறிஸ்தவக் கம்பன்' என்று கொண்டாடினோம்.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. கற்றவர் பழைய மரபைச் செய்யுளில் கொண்டுவந்தால் அது இலக்கியம். எழுத்தறியாத ஒருத்தி உடம்பில் கொண்டுவந்தால் அது பேயாட்டம். இரண்டு பேருமே உணர்ச்சியை எங்கிருந்தோ கற்றுக்கொண்டவர்கள்தான். யாரும் சொந்தமாகக் கண்டுபிடித்த மொழியில் அழுவதில்லை.

நடிப்பு உண்டா என்றால், உண்டு. மைக் பிடித்து அழவைக்கிற கூட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மனசு எங்கோ இருக்க, உதடு மட்டும் ஜெபப் புத்தகத்தை வாசிப்பதும் நடிப்புதானே? சத்தத்தை வைத்து உண்மையை அளக்க முடியாது. மௌனத்தை வைத்தும் முடியாது. அருளப்பன் 1867-இல் இறந்தார். வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளத்தை நம்பாமல் ஊர் ஊராகப் போன ஊழியர்கள் அந்த எழுப்புதலிலிருந்து புறப்பட்டார்கள். அழுதது நிஜமா என்று கேட்பவர்கள் அழுத பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும்.

ஆச்சியின் அடக்க ஆராதனையில் அப்பா ஜெபப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தார். எல்லோரும் பதில் சொன்னார்கள், பக்கம் திருப்பினார்கள். அப்பா வாய் திறக்கவில்லை. கடைசிவரை அதே பக்கத்தில்தான் இருந்தார்.