பல்லுல வந்த வலி இல்ல

எங்க பெரியம்மா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். கன்னத்துல கரண்ட் ஷாக் அடிச்ச மாதிரி வலி. ஃபேன் காத்து பட்டாலே துடிச்சுப் போயிடுவாங்க. பல் டாக்டர் ஒருத்தர் ரெண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டார். வலி மட்டும் போகலை. கோயமுத்தூர்ல நரம்பு டாக்டர்தான் கண்டுபிடிச்சார்: ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்தோட உணர்ச்சி நரம்புல வர்ற கோளாறு.

வீட்டுக்கு வந்து கூகுளாண்டவரைக் கேட்டேன். 1756-லயே பிரான்ஸில் நிக்கோலா ஆந்த்ரே இந்த நோயைப் பத்தி எழுதியிருக்கார். 1901-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஃப்ரேஸியர் மண்டையைத் திறந்து நரம்பு வேரையே வெட்டினார். வலி போச்சு, கூடவே முகம் மரத்தும் போச்சு. 1930-களில் வால்டர் டாண்டி அதே நரம்பை வேற பக்கமா வெட்டப் போனப்ப, பல பேருக்கு அது மேல ஒரு ரத்தக்குழாய் அழுத்திட்டு இருக்கறதைப் பார்த்தார். பார்த்துட்டும் வெட்டத்தான் செஞ்சார் மனுஷன்! 1960-களில் பீட்டர் ஜனெட்டா மைக்ரோஸ்கோப் வச்சு அந்தக் குழாயை நகர்த்தினார், நரம்பை வெட்டாமலே. இப்ப நடுவுல டெஃப்லான் துணுக்கு வைக்கறாங்க. இன்சுலேஷன் தேஞ்ச வயருக்கு டேப் சுத்தற கதைதான்.

நம்ம பக்கம் 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் பி.ராமமூர்த்தியும் மூளை, நரம்பு அறுவை சிகிச்சையை ஆரம்பிச்சு வச்சாங்க.

பெரியம்மாவுக்கு இப்போதைக்கு கார்பமசெபின் மாத்திரை. 1962-லிருந்து இந்த வலிக்கு முதல் மருந்தே அதுதான். ஆனா தூக்கமா வருதாம், மெஷின்ல ஊசிகிட்ட கை வைக்கவே பயமா இருக்காம். எம்.ஆர்.ஐ.யில குழாய் அழுத்தறது தெரியுது. படத்தைக் காட்டி எல்லாம் சொன்னேன்.

"ஏங்கண்ணு, நரம்பை வெட்ட மாட்டாங்கல்ல?"

"இல்லீங் பெரிம்மா, நகத்தி வெப்பாங்க."

"அப்ப இந்த ஷிப்மெண்ட் போகட்டும், பாக்கலாம்"னாங்க.