ஸ்டீவனேஜ் நகரின் துவிச்சக்கரவண்டிப் பாதைகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இங்கிலாந்தில் எழுந்த நகரங்களுள் ஸ்டீவனேஜ் தனித்து நோக்கற்பாலது. 1946ஆம் ஆண்டின் புதிய நகரங்கள் சட்டத்தின் கீழ் முதன்முதலாகப் பிரகடனப்படுத்தப்பட்ட நகர் இதுவாகும். இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலிருந்த சிற்றூரொன்றை 60,000 மக்கள் வாழும் நகராக்குவதே அன்றைய நோக்கம்.

நகரின் வீதிகளை வகுத்த பொறியியலாளர் எரிக் கிளாக்ஸ்டன் தாமே துவிச்சக்கரவண்டியில் பணிக்குச் சென்றவர். ஒல்லாந்தின் பாதைகளை அவர் நன்கறிந்திருந்தார். அக்காலத்து ஆங்கிலத் தொழிலாளர் பெருந்தொகையினர் துவிச்சக்கரவண்டியிலேயே தொழிற்சாலைக்குச் சென்றனராதலின், அவர் திட்டம் வெறுங் கனவன்று. பிரதான வீதிகளின் ஓரமாக, மோட்டார் வாகனங்கள் புகவியலாத தனிப்பாதைகள் அமைந்தன. சுற்றுவட்டங்களில் அப்பாதைகள் வீதிக்குக் கீழாகச் சென்றன. வீதியைச் சிறிது உயர்த்திப் பாதையைச் சிறிது தாழ்த்தியமையால் சரிவு மென்மையாயிற்று. இறங்கும்போது பெற்ற வேகமே மறுபுறம் ஏறுவதற்கும் உதவிற்று. மேம்பாலமாயின் முதலில் ஏறவேண்டும். மிதிப்பவனின் கால்வலியை அறிந்தவரின் வேலை அது!

எனினும் மக்கள் கார்களையே நாடினர். 2011ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பீட்டின்போது தொழிலுக்குத் துவிச்சக்கரவண்டியிற் சென்றோர் நூற்றுக்கு மூவர் அளவினரே. இதற்கு ஆங்கிலேயரின் இயல்பைக் காரணங்காட்டுவோர் உளர். அது பொருந்தாது, அவர்தம் தந்தையர் மிதித்துச் சென்றவரல்லரோ? காரணத்தை அதே பொறியியலாளர் வகுத்த வீதிகளிலேயே தேடுதல் வேண்டும். அகன்ற வீதிகள், நின்று தாமதிக்கவேண்டாத சுற்றுவட்டங்கள், நகர மையத்தைச் சூழத் தாராளமான வாகனத் தரிப்பிடங்கள் ஆகியன கார்ப் பயணத்தை மிக எளிதாக்கின. மையத்தின் கடைத்தெரு மட்டுமே பாதசாரிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. மிதிப்பதற்குத் தடை நீங்கியதேயன்றி, மிதிக்கவேண்டிய தேவை எழவில்லை.

ஒல்லாந்தின் குரோனிங்கன் நகர் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. 1977ஆம் ஆண்டு செப்டெம்பரில் அந்நகர மையம் நான்கு பிரிவுகளாக்கப்பட்டது. ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் நேரே செல்லுதல் இயலாது. வெளிவட்ட வீதிக்குச் சென்று சுற்றியே வரவேண்டும். துவிச்சக்கரவண்டிகளுக்கோ அத்தடை இல்லை. வணிகர் பலர் வெகுண்டெழுந்தனர், நகரசபை இணங்கவில்லை. புதிய பாதைகளை அமைக்கும் செலவினும் இவ்வெதிர்ப்பைத் தாங்குவதே கடினமானது. ஸ்டீவனேஜில் அத்தகைய எதிர்ப்பு எழவில்லை. எழுதற்கு ஏதுவான தடையெதுவும் கார்களுக்கு அங்கு விதிக்கப்படவுமில்லை.